எங்கள் கோலுக்குப் பின்னால்

என் தையல் கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தபோதுதான் அந்தக் கையுறையைப் பார்த்தேன். பூட்டுக்கு மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விரல்கள் ஐந்தும் கருகியிருந்தன. ரப்பர் எரிந்த நாற்றம் இன்னும் போகவில்லை. எவனோ குடித்துவிட்டுச் செய்த வேலை என்று வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே பிடுங்கினேன். மணிக்கட்டுப் பட்டையில் பச்சை நூல் தையல் இருந்தது. அது நான் போட்ட தையல்.

என் தம்பியின் கையுறை அது. எங்கள் வட்டார ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர் அவன். பெரிய லீக்கெல்லாம் இல்லை. பகலில் ஆளுக்கொரு வேலை, சாயங்காலம் பயிற்சி, வாரக் கடைசியில் மேட்ச். அவன் டயர் கடையில் வேலை செய்கிறான். போன சீசனில் கோப்பை ஜெயித்த அன்று சந்தோஷம் தாங்காமல் கையுறை இரண்டையும் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினான். ஒன்று எங்கே போனதென்று தெரியாது. மற்றதை மைக்செட் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

மைக்செட் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தொண்டை அப்படி. அது போதாதென்று மேட்சுக்குக் கையில் ஒரு ஒலிபெருக்கி வேறு தூக்கிக்கொண்டு வருவார். ரசிகர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அந்தக் கையுறையைக் கல்லாவுக்கு மேலே காலண்டர் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். ஆணி வாங்க வருகிறவனிடம்கூட, "இது யாரோடது தெரியுமா, நம்ம சுவரோடது" என்று பெருமை அடிப்பார். அப்போது தம்பிக்குச் சுவர் என்று பெயர். இப்போது கதவு என்கிறார்கள். திறந்த கதவாம்.

கையுறையை வெட்டுத்துணி மூட்டைக்குள் திணித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். மூன்று தரம் முயன்றும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. முகம் தெரியாதவன் செய்திருந்தால் ஒரு கத்து கத்திவிட்டு மறந்திருப்பேன். இது தினமும் நான் வணக்கம் சொல்லிவிட்டு வருகிற கடையிலிருந்து வந்திருக்கிறது. ஆசையாக மாட்டி வைத்திருந்த கையுறையை எடுத்து எரித்திருக்கிறார்கள் என்றால், அதை மாட்டியிருந்தவனை என்ன செய்ய மாட்டார்கள்?

நான் ஒன்றும் பொறுமைசாலி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த சீசன் தொடங்கியதிலிருந்து டீம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து என் வயிறும் எரிந்தது. நடுக்கள ஆட்டக்காரன் ஒருத்தன் பந்தை விட்டுவிட்டு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, "ஏன்டா, வாக்கிங் வந்தியா, மேட்ச் ஆட வந்தியா" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தியவள் நான்தான். நல்லா ஆடத் தெரிந்த இரண்டு பேர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் பந்து வந்தால் கடன்காரனைக் கண்ட மாதிரி ஒதுங்குகிறார்கள். கோல் வாங்கி வாங்கி, கடைசி இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோம். வரப்போகிற கடைசி மேட்சில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா இடத்திலும் ரசிகர்கள் எதிராளி கோலுக்குப் பின்னால் நிற்பார்கள். தன் டீம் கோல் போடுவதைப் பக்கத்தில் பார்க்க வேண்டாமா? நாங்களும் அப்படித்தான் நின்றோம். பந்து அந்தப் பக்கம் வந்தால்தானே. ஒரு நாள் மைக்செட், "ஆட்டம் எங்க நடக்குதோ அங்க போய் நிப்போம் வாங்க" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் கோலுக்குப் பின்னாலேயே நிறுத்தினார். சிரித்துக்கொண்டே போனோம். அதுவே நிலைத்துவிட்டது. இடைவேளையில் தம்பி பக்கம் மாறினால், நாங்களும் டிரம், கொடி, பிளாஸ்க், குடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போவோம். அவனுடைய முதுகு எங்களுக்கு அத்தனை பழக்கம். அவன் தோளை ஆட்டினால் எந்தப் பக்கம் பாயப்போகிறான் என்று சொல்லிவிடுவோம்.

டிரம் அடிப்பது என் வீட்டுக்காரர். லாரி ஷெட்டில் மெக்கானிக். வீட்டில் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதால் அவருக்கு அந்தத் தேவை வந்ததில்லை. மைதானத்தில் மட்டும் டிரம்மைக் கிழித்துவிடுவது போல் அடிப்பார். "வீட்ல வாங்குறதெல்லாம் இங்க குடுக்குறாரு" என்பார் மைக்செட். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம்தான்.

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியும். விரல் உடைந்துவிட்டது என்று ஒரு பின்கள ஆட்டக்காரன் மேட்சுக்கு வரவில்லை. நடிக்கிறான் என்றார்கள். மறுநாள் அவனுடைய பைக் சீட் எரிந்து கிடந்தது. அவன் கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோதும், "கட்டு யாரு வேணா போட்டுக்கலாம்" என்று டீக்கடையில் பேசினார்கள். அதற்குப் பிறகு எங்கள் டீமில் யாருக்கும் காய்ச்சல் தலைவலிகூட வருவதில்லை.

இந்த நேரத்தில்தான் தம்பி, முந்தைய மேட்சில், ஒரு பந்துக்காகப் பாய்ந்து கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டான். உடனே எழுந்துவிட்டான். பந்தும் உள்ளே போய்விட்டது, அதனால் அவன் தலையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நான் மட்டும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோலுக்குள் கிடந்த பந்தை எடுக்கப் போய், பந்துக்குப் பக்கத்தில் வெறும் தரையைத் தடவினான்.

வீட்டு மாடி அறையில்தான் அவன் இருக்கிறான். அந்த வாரம் அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் வாந்தி எடுத்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் எனக்குக் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தால் விளக்கை அணைக்கச் சொன்னான். கையுறை தொங்கிய அன்று மத்தியானம் டயர் கடை முதலாளி போனில், "உங்க தம்பி ஸ்பேனர கைல வச்சுக்கிட்டு சும்மா நிக்கிறாம்மா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், லவ்வா?" என்றார். வேலை முடிந்து வந்தவனைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். என் தம்பி, கோல் கம்பத்துக்குக் கம்பம் பறந்தவன், மேஜை மேல் சாய்ந்தான்.

"மூளை குலுங்கியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "அது தானா ஆறணும். ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டுச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல விரும்பல."

"அடி படாம பாத்துக்கிட்டா?" என்று இவன் கேட்டான்.

"ஓடவே கூடாதுங்கிறேன் தம்பி. நீங்க பந்தப் பத்திப் பேசுறீங்க."

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன். மேட்சும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், கோச்சிடம் நானே சொல்கிறேன் என்றேன். அவன் நடப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிக்கிற மாதிரி பிடித்தான்.

"கையுறைய எங்கக்கா ஒளிச்சு வச்சிருக்க?"

"எந்தக் கையுறை?"

"காலைல வேலைக்குப் போறப்பவே பாத்தேன். பிடுங்கிப் போட்டா பயந்துட்டான்னு நினைப்பாங்கன்னு அப்படியே விட்டுட்டுப் போனேன்." என் கையை இன்னும் இறுக்கினான். "நான் போகலைன்னா நடிக்கிறான்னுவாங்க. என்னைத் தேடி மாடிக்கு வர மாட்டாங்க. கடைக்குத்தான் வருவாங்க. பகல் பூரா நீ தனியா இருக்க. சுத்தி முழுக்கத் துணி. ஒரு தீக்குச்சி போதும்."

எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று அவன் கையை விடாமல் வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் கோச்சிடம் போனேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் அவர், நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற கீப்பர் இல்லம்மா. இருந்த இன்னொரு பையன் போன வாரம் ஃபோன ஆஃப் பண்ணவன், வீட்ல கேட்டா மாமா வீட்டுக்குப் போயிருக்கான்கிறாங்க. உங்க தம்பி வரலைன்னா என் வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க. எனக்குப் பொண்ணு இருக்கு." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். அவர் பயத்தைப் பார்த்ததும் என் பயம்தான் கூடியது.

மிச்சம் இருந்தது மைக்செட். அவரிடமே நேராகச் சொல்லிவிடுவது என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே காலண்டர் இருந்தது. பக்கத்தில் வெறும் ஆணி.

"கையுறை எங்கண்ணே?"

அவர் தராசில் ஆணியைக் கொட்டிக்கொண்டே இருந்தார். "யாரு எடுத்தாங்கன்னு தெரியலம்மா. வியாபார நேரத்துல நாலு பேரு வருவாங்க, போவாங்க."

"எரிச்சு என் கடைல மாட்டியிருக்காங்க."

தராசுத் தட்டு ஆடி நின்றது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். குரலைத் தாழ்த்தினார். மைக்செட் குரல் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. "பசங்க கொதிச்சுப் போய் இருக்காங்கம்மா. காசு வாங்கிட்டு கோல் விடுறான்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். நான் சொன்னாக்கூடக் கேக்க மாட்டாங்க போலருக்கு. அதான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். கைகலப்பு ஆகிடக் கூடாது பாருங்க. ரெண்டாவது கோல் விழுந்துச்சுன்னா எல்லாரும் முதுகக் காட்டித் திரும்பி நிப்போம். டிரம் கிடையாது, சத்தம் கிடையாது. மேட்ச் முடியிற வரைக்கும் ஒருத்தன் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அவன் நம்மாளு இல்ல. அமைதியா நம்ம கோபத்தக் காட்டுறோம், அவ்வளவுதான்."

தலையில் அடிபட்டிருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். பெயிண்ட் டப்பா அடுக்குக்குப் பக்கத்தில் நாலைந்து இளவட்டங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, தம்பிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்ல வந்தீங்களா?" மற்றவர்கள் சிரிக்கவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய விரல் நகங்களில் கரி இருந்ததா, பெயிண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஊக்கு வாங்க வந்தேன்," என்றேன்.

மேட்ச் அன்று நல்ல வெயில். தம்பி புறப்படும்போது அவன் பையில் ஈரத் துண்டு வைத்தேன், தண்ணீர் வைத்தேன். என்ன வைத்து என்ன. "வாசல்லயே படுத்துக்கவா, என்னத் தாண்டிப் போடா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "நீ படுத்தா தாண்ட முடியாதுக்கா, சுத்தித்தான் போகணும்" என்று என் உடம்பைக் கிண்டல் செய்துவிட்டுப் போனான். படியிறங்கும்போது கைப்பிடியை விடவில்லை.

கோலுக்குப் பின்னால் கம்பி வேலியை ஒட்டி நாங்கள் எப்போதும் போல் நின்றோம். வேலி ஆள் உயரம் இருக்கும். அதிலிருந்த சின்னக் கேட்டுக்கு அன்று பூட்டுப் போட்டிருந்தார்கள். எங்களை நம்பாமல்தான் போட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். "நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொன்னார். இந்த மனிதர் இருந்து என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

முதல் பாதியில் ஒரு கோல் விழுந்தது. தம்பி பாய்ந்தான், எட்டவில்லை. என் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் பறந்து போய் வலையில் மோதியது. இடைவேளையில் மறுபக்கம் மாறியபோது யாரும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கமாகப் பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக் கொடுப்பவர்கள் அதைத் திறக்கவே இல்லை. இந்தப் பக்கம் வெயில் நேராகத் தம்பியின் கண்ணில் அடித்தது. அவன் அடிக்கடி ஒரு கையால் கம்பத்தைத் தொட்டுக்கொண்டான். கம்பம் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பவன் போலிருந்தது.

இரண்டாவது கோல் மெதுவாக வந்தது. அதுதான் கொடுமை. தட்டிவிட்ட பந்து உருண்டு வந்தது, தம்பிக்கு நேராகவே வந்தது. அவன் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கை அசையவில்லை. பந்து அவன் காலுக்குப் பக்கத்தில் போய் வலையில் படுத்துக்கொண்டது.

பிறகு, "விலை போயிட்டான்டா" என்று எவனோ கத்தினான். அந்தக் குரலில் இருந்தது கோபம் மட்டும் இல்லை, அழுகையும் இருந்தது. மைக்செட் ஒலிபெருக்கியை வாயில் வைத்து, "திரும்பு" என்றார்.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. டிரம் நின்றது. என் வீட்டுக்காரரும் திரும்பினார். நான் திரும்பவில்லை.

இப்போது எனக்கு முன்னால் நின்றவர்களுடைய முகமெல்லாம் என்னைப் பார்த்து இருந்தது. மைதானத்துக்கு முதுகு காட்டியவர்களின் முகமெல்லாம் பின்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தது, நான் மட்டும் வேலிக்குக் கொஞ்சம் பின்னால், அவர்களுக்கு எதிரே நின்றேன். அவர்கள் தோள்களுக்கு நடுவே தம்பியின் தலையும் கம்பமும் தெரிந்தன. ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் டப்பா பக்கத்தில் நின்று சிரித்த பையன் நேர் எதிரே இருந்தான்.

"திரும்புக்கா," என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

"முடியாது."

"எல்லாருக்கும் ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?"

ஒரு கை என் தோளில் விழுந்தது. யாருடையது என்று பார்க்கவில்லை, கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. கை என்னைத் திருப்பப் பார்த்தது, அவ்வளவு முரட்டுத்தனமாகக்கூட இல்லை. நான் காலை ஊன்றிக்கொண்டேன். "என் தம்பிடா அவன். நான் பாப்பேன்," என்றேன். மைக்செட், "விடுங்கடா, பொம்பளைய ஏன்டா தொடுறீங்க," என்றார். கை விலகியது.

பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. என்ன நேரமோ, எங்கள் பையன்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. விடாமல் முட்டினார்கள். ரெஃப்ரி அங்கே ஓடினார். கோச், பெஞ்சில் இருந்தவர்கள், பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. இந்தக் கோடியில் தம்பி தனியாக இருந்தான். அவனைப் பார்க்க வேண்டிய கூட்டம் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவன் கம்பத்தைப் பிடித்தான். பிறகு கம்பத்தில் நெற்றியை வைத்தான். மடங்கி உட்கார்ந்தான், ஷூ கயிறு கட்ட உட்காருகிறவன் மாதிரி நிதானமாக. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். கால் மட்டும் உதறியது.

"விழுந்துட்டான்," என்று அலறினேன். "டேய், தம்பி விழுந்துட்டான், பாருங்கடா."

ஒருவன்கூடத் திரும்பவில்லை. அவர்கள் முகங்கள் எனக்கு அத்தனை பக்கத்தில் இருந்தன. என்னை நம்பாத முகங்கள். "அக்காவும் தம்பியும் சேந்து ஆரம்பிச்சிட்டாங்க," என்றான் ஒருவன். "திரும்புனா தோத்தோம்டா, யாரும் திரும்பாதீங்க," என்றான் இன்னொருவன். நான் மைக்செட்டின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "தலைல அடிண்ணே அவனுக்கு. மூளைல அடி. ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. உங்களுக்குப் பயந்துதான்ணே வந்தான்." அவர் தன் ஆட்களைப் பார்த்தார். திரும்பவில்லை.

திரும்பியது என் வீட்டுக்காரர். வேலிக்கு அப்பால் பார்த்தார். டிரம்மைத் தோளிலிருந்து கழற்றி வேலி ஓரமாகக் கவிழ்த்துப் போட்டு, "ஏறு," என்றார். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அதன் மேல் ஏறினேன். வேலியின் மேல்கம்பியை எட்டிப் பிடித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அந்தக் கோடியில் எங்கள் டீம் கோல் போட்டது.

எத்தனையோ மேட்சாக நாங்கள் கேட்காத சத்தம் அது. பக்கவாட்டு வரிசை எழுந்து கத்தியதும் எங்கள் கூட்டம் வாக்கு, சட்டம் எல்லாவற்றையும் மறந்து திரும்பியது. திரும்பி, தம்பிக்கு மேலாகப் பார்த்தது. அந்தக் கோடியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்த ஆட்டக்காரர்களை மட்டும் பார்த்தது. கட்டிப்பிடித்தார்கள், குதித்தார்கள், கொடியை வீசினார்கள். நான் தைத்த கொடி என் முகத்தில் வந்து சுற்றிக்கொண்டது. யாரோ ஒருவன் சந்தோஷத்தில் என் காலைப் பிடித்துத் தூக்கினான். டிரம் தோல் என் பாரத்தில் கிழிந்து கால் உள்ளே இறங்கியது. நான் கத்தியது கொண்டாட்டத்தோடு சேர்ந்துகொண்டது. இத்தனை ஆசையாகக் காத்திருந்த சத்தத்தை அன்று நான் வெறுத்தேன். உள்ளே அவன் அசையவே இல்லை. இவர்கள் குதித்து முடிப்பதற்குள் அவன் போய்விடுவான் என்று நினைத்தேன்.

முதலில் யார் பார்த்தது என்று எனக்குத் தெரியாது. சத்தம் ஒரு ஓரத்திலிருந்து தேய்ந்து வந்தது. மைக்செட் ஒலிபெருக்கியைத் தூக்கிக் கோல் போட்டவன் பெயரைக் கூவப் போனவர், வாயைத் திறந்தபடியே நின்றார். பிறகு அவர் போட்ட மாதிரி ஒரு சத்தத்தை அந்த மைதானத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஆட்டத்த நிறுத்துங்க. எங்க பையன் விழுந்து கெடக்கான். நிறுத்துங்கய்யா."

ரெஃப்ரியின் விசில் கேட்டது. எங்கள் ஆட்கள் வேலியைப் பிடித்து ஆட்டினார்கள். அத்தனை கை சேர்ந்து ஆட்டியதில் வேலி தன் தூண்களோடு சாய்ந்தது. என்னைத் தாண்டிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடினார்கள். பெயிண்ட் டப்பா பையன்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினான், அழுதுகொண்டே ஓடினான். கிழிந்த டிரம்மிலிருந்து காலை உருவிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

தம்பிக்கு அப்போதுதான் லேசாக நினைவு திரும்பியிருக்க வேண்டும். அவன் கண்ணைத் திறந்து பார்த்தபோது, தன் கோலுக்குப் பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும் வேலியைச் சாய்த்துவிட்டுத் தன்னை நோக்கி ஓடி வருவதைத்தான் பார்த்திருப்பான். கையுறை போட்ட இரண்டு கையையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டான். முழங்காலை வயிற்றோடு ஒட்டிச் சுருண்டான்.

ஓடிவந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் கிட்டே போகவில்லை. மைக்செட் மட்டும் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ஒலிபெருக்கி கழுத்தில் தொங்கி ஆடியது.

"தம்பி, பயப்படாதடா. நாங்கதான்டா. நம்மாளுங்கதான்."

அதைக் கேட்டதும் அவன் இன்னும் சுருண்டான்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் விழுந்தேன். அவன் காதோரம் குனிந்து, "அக்கா வந்துட்டேன்டா," என்றேன். கையுறைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. நாக்குக் குழறியது, ஆனால் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"தலைல மட்டும் அடிக்க வேண்டாம்னு சொல்லுக்கா."

டாக்டரை யாரோ கூப்பிட ஓடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கேட்கும்படி, சத்தமாக, அவர்களிடம் சொன்னேன்.

"தம்பிய அடிக்காதீங்க. தலைல அடிக்காதீங்க."

"அடிக்க மாட்டோம்மா," என்றார் மைக்செட். பின்னால் நின்ற ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள், பெயிண்ட் டப்பா பையனும் சொன்னான். கடைசி ஆளும் சொல்லி முடித்த பிறகுதான் என் தம்பி கையை இறக்கினான்.